தட்டைப் பார்த்துச் சாப்பிடுவோம்

காலை ஆறு மணிக்கே தொடங்கிவிடுகிறது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஒரு காணொளி அனுப்புகிறார்: வெறும் வயிற்றில் வெந்தயத் தண்ணீர் குடித்தால் சர்க்கரை நோய் ஓடிவிடுமாம். அடுத்து அத்தை அனுப்பியதில் தேங்காய் எண்ணெய் மாரடைப்பைக் கொண்டுவருகிறது. பகல் சாப்பாட்டுக்குள் வேறொருவர் அனுப்பும் செய்தியில் அதே தேங்காய் எண்ணெய் இதயத்துக்குக் காவலாகிவிடுகிறது. நெய், முட்டையின் மஞ்சள் கரு, பால், இட்லி, புழுங்கல் அரிசி எல்லாமே ஒரு வாரம் நஞ்சு, மறு வாரம் மருந்து. இத்தனையையும் படித்துவிட்டு அடுப்படிக்குப் போகும் பெண் என்ன சமைப்பார்? பழகியதைத்தான் சமைப்பார். ஆனால் பிள்ளைகளுக்கு ஏதோ கெடுதல் செய்கிறோமோ என்ற உறுத்தலோடு சமைப்பார்.

இந்த உறுத்தலை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அதைவிடக் கொடியதும் உண்டு. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைத் தானாகவே நிறுத்திவிட்டு, யாரோ சொன்ன இலைச்சாற்றை நம்பி மாதக்கணக்கில் இருந்து, கடைசியில் ஆறாத கால் புண்ணோடு மருத்துவமனைக்கு வரும் முதியவர்கள் இருக்கிறார்கள். செய்தியை அனுப்பியவர் அன்பினால்தான் அனுப்பினார். படித்தவரும் நம்பிக்கையோடுதான் படித்தார்.

ஒரு குடும்பம் நன்றாகச் சாப்பிட வேண்டுமென்றால், முதலில் சாப்பாட்டைப் பற்றிய செய்திகளைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். மருத்துவக் கட்டுரைகளுக்கும் ஊட்டச்சத்து அறிவுக்கும் நான் எதிரி அல்ல. தேவையான அறிவு கொஞ்சம்தான். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள மன அமைதி வேண்டும். அந்த அமைதியைத்தான் நாளெல்லாம் வந்து குவியும் செய்திகள் பறித்துக்கொண்டு போகின்றன.

நிலவரத்தைப் பாருங்கள். சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்துடன் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, மேலும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல் நீரிழிவு. 2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயது வரையுள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அளவுக்கு மீறிய எடையோடு இருந்தார்கள். அதே கணக்கெடுப்பில் அதே வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. எடை கூடியிருக்கிறது, ரத்தம் குறைந்திருக்கிறது. இரண்டும் ஒரே வீட்டில், பல சமயம் ஒரே உடம்பில். 2016க்குப் பிறகு மொபைல் டேட்டா மலிவாகி, உணவு பற்றிய அறிவுரை வீடு வீடாக வந்து கொட்டிய ஆண்டுகளும் இவைதான். அறிவுரையால்தான் நோய் வந்தது என்று சொல்லவில்லை. அத்தனை அறிவுரையும் நம்மைக் காப்பாற்றவில்லை என்கிறேன்.

காரணம் விளங்காத ஒன்றல்ல. அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1971லேயே இதைச் சொல்லிவிட்டார்: தகவல் எதைத் தின்று வளர்கிறது என்றால், அதைப் பெறுகிறவர்களின் கவனத்தைத் தின்றுதான். தகவல் பெருகப் பெருகக் கவனம் வற்றும். கைப்பேசியில் வரும் உணவுச் செய்திக்கு நம் உடல்நலம் ஒரு பொருட்டல்ல. அதற்கு வேண்டியது நம் கண் அதன்மேல் நிற்பது. நிற்க வேண்டுமென்றால் பயமுறுத்த வேண்டும், அல்லது அதிசயம் காட்ட வேண்டும். 'தினமும் ஒரு கீரை, இரண்டு காய் சாப்பிடுங்கள்' என்பது உண்மை. ஆனால் அதில் பயமும் இல்லை, அதிசயமும் இல்லை. ஆகவே அதை யாரும் நூறு பேருக்கு அனுப்புவதில்லை.

இதில் விளம்பரமும் அறிவுரை வேடம் போட்டுக்கொண்டு கலந்துவிடுகிறது. மாவும் சர்க்கரையும் கலந்த பானங்களை 'ஆரோக்கிய பானம்' என்று சொல்லித்தான் இத்தனை காலம் விற்றார்கள். நம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது என்று சொல்லி, அந்தத் தலைப்பின் கீழ் அவற்றை வைத்து விற்கக் கூடாது என ஒன்றிய அரசு இணைய விற்பனைத் தளங்களுக்கு 2024 ஏப்ரலில்தான் அறிவுறுத்தியது. அதற்குள் அந்தப் பானத்தைக் குடித்து ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது. வாங்கிக் கொடுத்த தாய்மார்கள் படிப்பறிவு இல்லாதவர்கள் அல்லர். டப்பாவில் எழுதியிருந்ததைப் படித்துத்தான் வாங்கினார்கள்.

சரி, ஒரு குடும்பத்துக்குத் தெரிந்திருக்க வேண்டியது எவ்வளவு? ஒரு மளிகைச் சீட்டில் எழுதிவிடலாம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டி நூலைப் புதுப்பித்து வெளியிட்டது. நாளொன்றுக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு அது சொல்லும் அளவு இது: அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாம் சேர்த்து 250 கிராம். பருப்பு, பயறு வகை 85 கிராம். அசைவம் சாப்பிடுவோர் இதில் ஒரு பங்கை முட்டை, மீன், இறைச்சியால் ஈடுசெய்துகொள்ளலாம். காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், பால் 300 மில்லி, கடலை, எள் போன்றவை 35 கிராம், எண்ணெயும் நெய்யும் சேர்ந்து 27 கிராம். எல்லாம் சமைப்பதற்கு முந்தைய எடை.

இதை நான்கு பேர் உள்ள வீட்டுக்குப் பெருக்கிப் பார்த்தால் நம் சமையலறையின் கதை வெளிச்சத்துக்கு வருகிறது. தானியம் மாதம் 30 கிலோ. இட்லி மாவு, சப்பாத்தி, உப்புமா ரவை, சேமியா எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். பருப்பும் பயறும் மாதம் 10 கிலோவைத் தொட வேண்டும். எத்தனை வீடுகளில் அப்படி வாங்குகிறோம்? ரேஷனில் மானிய விலையில் கிடைக்கும் துவரம் பருப்பு அட்டைக்கு மாதம் ஒரு கிலோ. சாம்பாரில் பருப்பு கரைந்து காணாமல் போவதும், தட்டில் சோறு மலையாகக் குவிவதும் இந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது. காய்கறி நாளொன்றுக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வேண்டும். கால் கிலோ பீன்ஸில் நான்கு பேருக்குப் பொரியல் செய்து, ஆளுக்கு ஒரு கரண்டி வைப்பது காய்கறி சாப்பிட்ட கணக்கில் சேராது.

உப்பு இன்னும் எளிய கணக்கு. ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நான்கு பேருக்கு மாதம் 600 கிராம். ஒரு கிலோ உப்புப் பொட்டலம் ஒன்றரை மாதத்துக்கு மேல் வர வேண்டும். அதுவும் ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடையில் வாங்கும் மிக்சர், ஓட்டல் சாம்பார் ஆகியவற்றில் உள்ள உப்பையெல்லாம் சேர்த்துத்தான் இந்த 600 கிராம். உங்கள் வீட்டு உப்பு ஜாடி எத்தனை நாளில் காலியாகிறது என்று ஒருமுறை பாருங்கள். குடும்பத்தின் ரத்த அழுத்தத்தைப் பற்றி அது சொல்வதை எந்தக் காணொளியும் சொல்லாது.

காய்கறி விற்கும் விலையில் ஒன்றரைக் கிலோவா என்று கேட்பது நியாயம். கேரட்டும் காலிஃப்ளவரும் காளானும்தான் காய் என்று நினைத்தால் கட்டுப்படியாகாது. பூசணி, சுரைக்காய், பீர்க்கை, வாழைத்தண்டு, முள்ளங்கி, கொத்தவரை ஆகியவை அநேகமாக எல்லாக் காலத்திலும் கைக்கு எட்டும் விலையில்தான் இருக்கின்றன. முருங்கைக்கீரை பல ஊர்களில் கேட்டால் சும்மாவே கிடைக்கும். அதை ஆய்வதுதான் பாடு என்பார்கள். இரவில் ஈரமில்லாத துணியில் கொத்தோடு இறுக்கிச் சுற்றி வைத்துவிட்டால், காலையில் இலைகள் காம்பை விட்டுத் தானாகவே கழன்றுவிடும், உதறினால் போதும். இதைத் தெரிந்துவைத்திருந்த பாட்டிகள் எந்தச் சமையல் சேனலையும் பார்த்ததில்லை. உளுந்து போட்ட கேழ்வரகுத் தோசை, பாசிப்பயறுச் சுண்டல், மீன் குழம்பு, அவித்த முட்டை, கொண்டைக்கடலைக் குழம்பு என்று நமக்கு ஏற்கெனவே தெரிந்தவற்றிலிருந்தே வாரத்தை நிரப்பிவிடலாம். சியா விதையும் அவகாடோவும் இல்லாமல் ஒரு தமிழ்க் குடும்பம் தாராளமாக ஆரோக்கியமாக வாழலாம்.

ஆகவே ஒரு யோசனை. இந்த அளவுகளை ஒரு தாளில் எழுதி அடுப்படிக் கதவில் ஒட்டுங்கள். பிறகு உணவு பற்றிய குறுஞ்செய்திகளுக்கும் காணொளிகளுக்கும் ஒரு மாதம் விடுப்பு கொடுங்கள். பார்க்க வேண்டாம், அனுப்பவும் வேண்டாம். வீட்டில் சர்க்கரை நோயாளியோ சிறுநீரகக் கோளாறு உள்ளவரோ கர்ப்பிணியோ இருந்தால், அவருக்குரிய உணவை அவரைப் பரிசோதிக்கும் மருத்துவரிடம் கேட்டு அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மாதம் முழுக்க அந்தத் தாள் ஒன்றுதான் வழிகாட்டி.

தவிர்க்க வேண்டியவற்றுக்கும் நீண்ட பட்டியல் தேவையில்லை. ஆலையில் செய்து, பொட்டலம் கட்டி, நம் வீட்டில் இல்லாத பொருள்கள் பல சேர்த்து வருபவற்றைக் குறைத்தாலே பாதி வேலை முடிந்ததுபோல. 2019இல் அமெரிக்கத் தேசிய சுகாதாரக் கழகங்களின் ஆய்வாளர் கெவின் ஹால் 20 பேரை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் அத்தகைய உணவும் இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவும் கொடுத்தார். பரிமாறப்பட்ட சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஏறக்குறைய சமம். வேண்டிய மட்டும் சாப்பிடலாம். ஆலை உணவு கிடைத்த வாரங்களில் அவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், எடையும் கூடியது.

என்ன சாப்பிடுகிறோம் என்பதற்கு இவ்வளவு போதும். எப்படிச் சாப்பிடுகிறோம் என்பதைப் பற்றித்தான் நாம் கொஞ்சமும் பேசுவதில்லை.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் 2011இல் ஒரு சோதனை நடந்தது. எல்லோருக்கும் ஒரே அளவு மதிய உணவு. ஒரு சாரார் கணினியில் சீட்டு விளையாடிக்கொண்டே சாப்பிட்டார்கள்; மற்றவர்கள் வேறு வேலை இல்லாமல் சாப்பிட்டார்கள். விளையாடியவர்களுக்கு வயிறு நிறைந்த உணர்வு குறைவாக இருந்தது. என்னென்ன சாப்பிட்டோம் என்று வரிசையாக நினைவுகூரவும் தடுமாறினார்கள். அரை மணி நேரம் கழித்து பிஸ்கட் கொடுத்தபோது மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு சாப்பிட்டார்கள். வயிறு நிரம்பினால் மட்டும் போதாது, சாப்பிட்டோம் என்பது மனதிலும் பதிய வேண்டும். பதியாவிட்டால் உடம்பு மறுபடியும் கேட்கும். இரவு எட்டு மணிக்குச் சீரியலைப் பார்த்தபடி சாப்பிட்டுவிட்டு, பத்து மணிக்கு டப்பாவைத் திறந்து முறுக்கு தேடுவதற்கு நாக்கை மட்டும் குறை சொல்ல முடியாது.

குழந்தைகள் விஷயத்தில் இது மனதை வருத்துகிறது. எந்த ஓட்டலுக்குப் போனாலும் பார்க்கலாம். ஒன்றரை வயதுக் குழந்தை. எதிரே தண்ணீர் டம்ளரில் சாய்த்துவைத்த கைப்பேசி. அதில் பாட்டு ஓடுகிறது. அம்மா இட்லியைப் பிய்த்து வாயருகே கொண்டுபோகிறார். வாய் திறக்கிறது, மூடுகிறது. கண் திரையைவிட்டு அசைவதில்லை. இட்லி வெள்ளையா, சட்னி பச்சையா என்று அந்தக் குழந்தைக்குத் தெரியாது. பாட்டு நின்றால் வாயும் நின்றுவிடுகிறது. பசி எடுப்பது, போதும் என்று தலையைத் திருப்பிக்கொள்வது, பிடிக்காத ஒன்றை விரலால் நசுக்கிப் பார்த்து மெதுவாகப் பழகுவது ஆகியவற்றைக் கற்றுக்கொள்ள வேண்டிய வயது அது. இரண்டு வயதுக்குள் திரையே கூடாது, ஐந்து வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் அறிவுறுத்துகிறது. அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே அரை மணி நேரத்தில் குழந்தைக்கு ஊட்டி முடிக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு. கைகொடுக்கப் பக்கத்தில் யாரும் இல்லை. நிலாவைக் காட்டிச் சோறூட்டிய காலத்தில், ஊட்டுவதற்கு வீட்டில் மூன்று நான்கு பேர் இருந்தார்கள்.

எப்படிச் சாப்பிடுவது என்பதை ஒரு நாட்டின் அரசே எழுதிவைத்திருக்கிறது. பிரேசில் 2014இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியைப் படிக்கும்போது பொறாமையாக இருக்கிறது. அதில் கிராம் கணக்கும் கலோரிக் கணக்கும் பின்னுக்குப் போய்விட்டன. வேளை தவறாமல், நிதானமாக, அதற்கேற்ற இடத்தில், முடிந்தபோதெல்லாம் பிறரோடு சேர்ந்து சாப்பிடுங்கள் என்கிறது. சமைக்கக் கற்றுக்கொண்டு மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுங்கள் என்கிறது. உணவு விளம்பரங்களை எளிதில் நம்பிவிடாதீர்கள் என்றும் சொல்கிறது. சாவ் பாவ்லோ பல்கலைக்கழகத்தின் கார்லோஸ் மொன்டெய்ரோ குழுவின் உழைப்பு அதில் இருக்கிறது. உணவு, வேளை, கூட்டு, விளம்பரத்தை நம்பாத தெளிவு ஆகிய நான்கையும் ஒரே விஷயமாக அவர்கள் பார்த்தார்கள். சரியான பார்வை அது.

நம் வீடுகளில் இதை நடைமுறைப்படுத்துவது பற்றிப் பேசும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. 'ஆரோக்கியமான சாப்பாடு' என்று யார் எழுதினாலும் அதன் பாரம் கடைசியில் பெண்ணின் தலையில்தான் இறங்குகிறது. கீரையை ஆய்வதும், சிறுதானியத்தை ஊறவைப்பதும், நான்கு பேருக்கு நான்கு விதமாகச் செய்வதும் அவர் வேலை. ஆகவே கணவரும் வளர்ந்த பிள்ளைகளும் நறுக்குவது, அரைப்பது, பரிமாறுவது, கழுவுவது என்று ஆளுக்கொன்றை எடுத்துக்கொள்ளாத வீட்டில் இந்தக் கட்டுரையின் யோசனைகளை நடைமுறைப்படுத்த வேண்டாம் என்றே சொல்வேன். பத்து வயதுப் பிள்ளை அவரைக்காய்க்கு நார் எடுக்கலாம், வெங்காயம் உரிக்கலாம். தான் நறுக்கிய காயைத் தட்டில் பார்க்கும் பிள்ளை அதை ஒதுக்குவது குறைவு. தந்தை தோசை வார்க்கும் இரவில் தாய் உட்கார்ந்து சூடாகச் சாப்பிடுகிறார். எத்தனை வீடுகளில் அவர் மட்டும் கடைசியில், ஆறிப்போனதைச் சாப்பிடுகிறார் என்பதையும், அதே பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

ஷிப்டு வேலைக்குப் போகிறவர்களும் இரவு முழுக்க ஆட்டோ ஓட்டுகிறவர்களும் தினமும் எல்லோரும் சேர்ந்து எப்படிச் சாப்பிடுவது என்று கேட்பார்கள். தினமும் முடியாது. இருக்கிற இரண்டு பேராவது சேர்ந்து உட்காரலாம். வாரத்தில் ஒரு வேளையை எல்லோருக்கும் பொதுவாக வைத்துக்கொள்ளலாம். டிவியை அணைத்து, கைப்பேசிகளை வேறு அறையில் வைத்துவிட்டால் அரை மணி நேரம் போதும். ஆரம்பத்தில் பேச ஒன்றுமில்லாமல் சங்கடமாக இருக்கும். பிள்ளைகள் முரண்டு பிடிப்பார்கள். பெரியவர்களின் கையும் அடிக்கடி சட்டைப் பையைத் தடவும். சில நாளில் பழகிவிடும். அந்த நேரத்தில் மதிப்பெண்ணையும் கடனையும் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது. சோற்றுக்கு முன்னால் விசாரணை நடந்தால், பிள்ளைகள் கைப்பேசி உள்ள அறைக்கே ஓடுவார்கள்.

இப்படிச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் தினமும் நடக்கிறது. 1956இல் காமராஜர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக விரிந்தது. 2022 செப்டம்பர் 15 முதல் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்தது. வராண்டாவில் வரிசையாக உட்கார்ந்து, பக்கத்துப் பிள்ளையோடு பேசிச் சிரித்துக்கொண்டு, பொங்கலோ கிச்சடியோ சாம்பாரோடு சாப்பிடும் அந்தப் பிள்ளைகளின் முன்னால் எந்தத் திரையும் இல்லை. வசதியான வீட்டுக் குழந்தைகள் பலருக்குக் கிடைக்காத சாப்பாட்டு நேரம் அது. அங்கே காய்கறியும் பயறும் இன்னும் தாராளமாக வேண்டும். ரேஷன் பருப்பின் அளவும் கூட வேண்டும். கைப்பேசியில் சிறுதானியப் பிரசாரம் செய்வதைவிட அரசு இவற்றுக்குச் செலவிடுவது குடும்பங்களுக்கு உண்மையில் உதவும்.

வீட்டுக்கு வீடு தனியாகத் திரையை அணைப்பது கடினம். பக்கத்து வீட்டில் டிவி ஓடும்போது நம் பிள்ளையை உட்காரவைக்க முடியாது. மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் உள்ள மோகித்யாஞ்சே வட்கான் என்ற கிராமம் இதற்கு ஒரு வழி கண்டது. கொரோனா காலத்து ஆன்லைன் வகுப்புகளுக்குப் பிறகு பிள்ளைகள் கைப்பேசியை விடவில்லை, பெரியவர்களும் விடவில்லை. 2022 சுதந்திர தினத்தை ஒட்டிப் பெண்கள் கூடிப் பேசினார்கள். மாலை ஏழு மணிக்கு ஊர்க் கோயிலில் சைரன் ஒலிக்கும். எல்லா வீட்டிலும் டிவியும் கைப்பேசியும் அணையும். எட்டரை வரை படிப்பு, பேச்சு. வீடு வீடாகப் போய்ச் சொல்லிச் சொல்லியே வழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். பின்னர் வேறு சில ஊர்களும் அவர்களைப் பின்பற்றின.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. குடிநீரும் தெருவிளக்கும் பேசப்படும் அந்தக் கூட்டத்தில் இதையும் பேசலாம். மகளிர் சுய உதவிக் குழுக்கள் முன்கூட்டியே கலந்து பேசி, தங்கள் ஊருக்கு ஏற்ற நேரத்தைத் தீர்மானமாகக் கொண்டுவரலாம். ஊரக வேலைத் திட்டத்துக்குப் போகும் ஊருக்கு ஒரு நேரம், மீன்பிடி கிராமத்துக்கு இன்னொரு நேரம். நகரத்தில் அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கங்களுக்கு இதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை. ஒரு பொதுக்குழுக் கூட்டம் போதும். வட்கான் அந்த ஒன்றரை மணி நேரத்தைப் படிப்புக்கு ஒதுக்கியது. நாம் அதில் அரை மணியை இரவுச் சாப்பாட்டுக்கு ஒதுக்கிக்கொள்ளலாம்.